அறிதலும் அறிமுகமும்



ஆங்கிலத்தில் மிக எளியவை என்று நாம் எண்ணும் வினைச்சொற்களுள் 'நோ' என்பது ஒன்று. வானொலியில் இதனைச் செவியால் மட்டும் கேட்கும் நீங்கள், 'இல்லை' என்று மறுக்கும் 'நோ'வைக் கூறுகிறேனோ என ஐயுறக் கூடும். நான் கூறுவது அறிதல் என்னும் பொருளுடைய வினை. ஏட்டில் எழுதும்போது 'கே' என்ற எழுத்தை முன்னே நிறுத்திக்கொண்டு, பேசும்போது அவ்வெழுத்தை வாய்க்குள்ளேயே அடக்கிவிடும் சொல் அது. முற்காலத்து ஆங்கிலேயர் அந்தக் ககர ஒலியையும் சேர்த்தே உச்சரித்தனர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அவ்வொலி மறைந்துபோயிற்று. எழுத்து மட்டும் இன்றளவும் காவல் நிற்கிறது.

ஒலியில் உள்ள இம்மயக்கம் சிறியது. பொருளில் உள்ள மயக்கமோ பெரியது. ஆங்கிலம் ஒன்றையே படித்துக்கொண்டிருக்கும் வரையில் அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆங்கில வாக்கியம் ஒன்றைப் பிரெஞ்சு மொழியில் எழுத முற்படும் பொழுதுதான், இச்சிறு சொல் எத்தனை வேலைகளைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறது என்பது விளங்கும்.

நம் கல்லூரிகளில் பிரெஞ்சைப் பாடமாக எடுத்துக்கொண்டுள்ள மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் முன் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. 'எனக்குப் பாரிஸ் நகரம் நன்றாகத் தெரியும்' என்பது முதலாவது. 'பாரிஸ் நகரம் ஸேன் ஆற்றங்கரையில் உள்ளது என்பது எனக்குத் தெரியும்' என்பது இரண்டாவது. 'எனக்கு நீந்தத் தெரியும்' என்பது மூன்றாவது. மூன்றையும் ஆங்கிலத்தில் 'நோ' என்ற வினையைக் கொண்டே சொல்லிவிடலாம். மூன்றாவதில் 'எப்படி' என்று பொருள்படும் 'ஹௌ' என்ற சொல்லை இடையே சேர்த்துக்கொண்டால் போதும். பிரெஞ்சில் அவ்வாறு இயலாது. முதல் வாக்கியத்திற்குக் 'கொனேத்ர்' என்ற வினை வேண்டும். இரண்டாவதற்கு 'ஸவ்வார்' வேண்டும். மூன்றாவதற்கும் 'ஸவ்வார்'தான், ஆனால் அங்கே 'எப்படி' என்ற சொல் தேவையில்லை. 'நீந்த அறிவேன்' என்ற அளவில் பிரெஞ்சுக்காரர் நிறுத்திக்கொள்வார்.

'ஸவ்வார்' என்பது செய்தியை அறிதல். இன்னது நடந்தது என்றோ, எங்கே என்றோ, எப்பொழுது என்றோ, ஏன் என்றோ ஒரு கிளை வாக்கியம் பின்தொடருமானால், அங்கே இச்சொல்லுக்குத்தான் இடம். 'கொனேத்ர்' அப்பக்கம் அடியெடுத்து வைப்பதில்லை. 'கொனேத்ர்' என்பது பழகி அறிதல், நேரில் கண்டு அறிதல், அறிமுகம் பெற்றிருத்தல். மனிதர்களையும் ஊர்களையும் பற்றிப் பேசும்போது அதுதான் வரும். 'அந்த ஆசிரியரை எனக்குத் தெரியும்' என்பதை 'ஸவ்வார்' என்று எழுதினால், ஆசிரியரையே ஒரு செய்தியாக்கி மனப்பாடம் செய்துவிட்டது போலாகும்.

இவ்வளவையும் எந்த இலக்கண நூலும் முதற் பாடங்களுக்குள்ளேயே சொல்லிவிடும். சுவை மிகுந்த இடம் இதற்கு அப்பால் இருக்கிறது. பின்னே வருவது ஆளாகவும் இன்றி, ஊராகவும் இன்றி, ஒரு செய்யுளாகவோ, பாடமாகவோ, மொழியாகவோ, உண்மையாகவோ இருந்தால் என்ன செய்வது? அப்பொழுது இரு சொற்களும் வரலாம். வந்தால் பொருள் மாறலாம். ஒரு செய்யுளை 'ஸவ்வார்' என்ற வினையால் அறிந்தவர், அதனை ஏடு பாராமல் ஒப்பிக்க வல்லவர். 'கொனேத்ர்' என்ற வினையால் அறிந்தவர், அச்செய்யுளை முன்பே படித்தவர். யாரேனும் ஓதக் கேட்டால் 'ஆம், இது இன்ன செய்யுள்' என்று தலையசைக்கக் கூடியவர். தேர்வு மண்டபத்தில் ஒரு முறையேனும் அமர்ந்தவருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. வேறு சில இடங்களில் இவ்விரண்டுக்கும் இடைவெளி மிகக் குறுகிவிடுகிறது. 'அவர் பெயர் எனக்குத் தெரியும்' என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் இரண்டையும் வழங்குகிறார்கள். அங்கே விதி தேடி அலைவது வீண்.

ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குச் செல்லும் அகராதி இந்த இரண்டோடு நிற்பதில்லை. 'ஆயிரம் பேர் கூடிப் பேசினாலும் அவர் குரலை நான் அறிவேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், அங்கே அறிதல் என்பது அடையாளம் காணுதல். பிரெஞ்சில் 'ரகொனேத்ர்' என்ற சொல் வேண்டும். 'நன்மை தீமை அறிந்தவர்' என்றால் பிரித்துணர்தல். அதற்கு வேறு வினை. 'திராட்சை மதுவைப் பற்றி அறிந்தவர்' என்றால் அத்துறையில் வல்லவர்; அதற்குக் 'கொனேத்ர்' வினையைத் தன்மேல் திருப்பி ஒரு தனித் தொடராக்கிக்கொள்கிறார்கள். பேச்சுக்கு இடையே, சொல் கிடைக்காதபோது ஆங்கிலேயர் 'யூ நோ' என்று இட்டு நிரப்புவார்களே, அதற்குப் பிரெஞ்சுக்காரர் சொல்வது 'ஸவ்வார்' வினையின் வடிவம்தான். எவ்வளவு அவசரமானாலும் 'கொனேத்ர்' அங்கே வாயில் வருவதில்லை.

வாழ்வில் அனுபவித்தல் என்ற பொருளும் ஒன்று உண்டு. 'வறுமையை அறிந்தவர்', 'நல்ல நாட்களை அறிந்தவர்' என்று ஆங்கிலத்தில் சொல்வதைப் பிரெஞ்சு 'கொனேத்ர்' கொண்டே சொல்லும். வறுமை ஒரு செய்தி ஆகாது. அதனோடு கூட வாழ்ந்தவருக்குத்தான் அது அறிமுகம். இவ்வழக்கில் பிரெஞ்சு இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. உயிரில்லாத பொருள்களையும் அது எழுவாயாக ஏற்கும். ஒரு தொழில் விரைந்த வளர்ச்சியை 'அறிந்தது' என்றும், ஒரு நாடகம் படுதோல்வியை 'அறிந்தது' என்றும் பாரிஸ் செய்தித்தாள்கள் எழுதும். இதனை ஆங்கிலத்தில் 'நோ' என்று மாற்றினால் நன்றாயிராது. தமிழிலோ எளிதில் வழி கிடைக்கிறது. 'அத்தொழில் வளர்ச்சி கண்டது', 'அந்நாடகம் தோல்வி கண்டது' என்று நாம் எழுதுவது இதற்கு மிக அணுக்கமான வழக்கு.

காலம் காட்டும் முறையும் பொருளை மாற்றிவிடுகிறது. 'நான் அவரைப் பாரிஸில் அறிந்தேன்' என்பதைப் பிரெஞ்சில் ஒருமுறை நிகழ்ந்து முடிந்த இறந்தகாலத்தில் சொன்னால், 'அவரோடு எனக்கு அங்கேதான் முதன்முதல் அறிமுகம் ஏற்பட்டது' என்று பொருள்படும். தொடர்ந்து நிகழ்ந்த இறந்தகாலத்தில் சொன்னால், 'அக்காலத்தில் அவரோடு பழக்கம் இருந்தது' என்றாகும். 'ஸவ்வார்' வினையிலும் அவ்வாறே. ஒரு வடிவம் 'அச்செய்தி எனக்குத் தெரிந்திருந்தது' எனும். மற்றது 'அப்பொழுதுதான் தெரியவந்தது' எனும். ஆங்கிலத்தின் 'நியூ' என்ற ஒற்றை இறந்தகால வடிவத்திற்கு ஆக நான்கு வாயில்கள் ஆகின்றன. எந்த வாயிலில் நுழைவது என்பதை ஆங்கில வாக்கியம் பெரும்பாலும் சொல்வதில்லை. முன்னும் பின்னும் படித்து மொழிபெயர்ப்பாளர்தாம் துணிய வேண்டும்.

இடையே ஒரு வேடிக்கை. முன்பின் அறியாத ஒருவரைப் பற்றி ஆங்கிலேயர் 'ஆதாமிலிருந்து அவரைப் பிரித்தறியேன்' என்ற கருத்தில் ஒரு மரபுத்தொடர் வழங்குவர். பிரெஞ்சுக்காரரும் அதனையே சொல்கின்றனர். ஆனால் 'ஏவாளாலும் அறியேன், ஆதாமாலும் அறியேன்' என்று ஏவாளையும் சேர்த்துக்கொள்கின்றனர். அவளையே முன்னும் வைக்கின்றனர். நாம் 'அவர் யாரோ, எவரோ' என்று எவரையும் சாட்சிக்கு அழைக்காமல் முடித்துவிடுகிறோம்.

நீந்துவதற்கு மீண்டும் வருவோம். 'உன்னால் நீந்த முடியுமா?' என்று பொருள்படும் ஆங்கிலக் கேள்வியில் 'கேன்' என்ற துணைவினை வரும். கேட்பவர் உன் கைகால்களின் நிலையைக் கேட்கிறாரா, நீ அக்கலையைக் கற்றிருக்கிறாயா என்று கேட்கிறாரா? ஆங்கிலம் அதைத் தெளிவாக்காது. பிரெஞ்சு தெளிவாக்கும். கற்ற திறமையாயின் 'ஸவ்வார்'; அந்நேரத்து இயலுமையாயின் 'புவ்வார்' என்ற வேறு வினை. தமிழ் மாணவர்களுக்கு இவ்விடத்தில் ஆங்கில மாணவர்களைக் காட்டிலும் ஒரு வசதி உண்டு. 'நீந்தத் தெரியும், ஆனால் இன்று காய்ச்சல், நீந்த முடியாது' என்று நாம் இயல்பாகவே பிரித்துப் பேசுகிறோம். 'தெரியும்' என்பது 'ஸவ்வார்'. 'முடியும்' என்பது 'புவ்வார்'. ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிச் செல்லாமல் தமிழிலிருந்து நேரே பிரெஞ்சுக்குச் சென்றால் இப்பிழை நேராது. பிரெஞ்சு கற்கும் நம் மாணவர்கள் பலர் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலத்தில் அமைத்துப் பின்பு மாற்றுகிறார்கள். அது தேவையற்ற சுங்கச்சாவடி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்த எல்லைக்கோடும் பிரெஞ்சு பேசும் நாடெங்கும் ஒரேவிதமாக வரையப்பட்டிருக்கவில்லை. பெல்ஜியம் நாட்டில் பிரெஞ்சு பேசுவோர், இயலுமையைக் குறிக்கவும் 'ஸவ்வார்' வினையை வழங்குவதுண்டு. 'நாளைக்கு என்னால் வர முடியாது' என்பதை, 'நாளைக்கு எனக்கு வரத் தெரியாது' என்பது போன்ற சொற்களால் பிரஸ்ஸல்ஸ் நகரத்தவர் சொல்வார். பாரிஸிலிருந்து வந்தவர், 'வருவதற்கு இவருக்கு வழி தெரியாதோ?' என்று முதல் நாள் திகைப்பார்.

இனி, ஆங்கிலத்திற்கு இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்று சற்றுப் பார்ப்போம். தொன்மை ஆங்கிலத்தில் அறிதலுக்கு ஒரே சொல் இருக்கவில்லை. செய்தியை அறிவதற்கு 'விட்டன்' என்ற வினை இருந்தது. அடையாளம் கண்டு அறிவதற்கு 'க்னாவன்' இருந்தது. இன்றைய 'நோ' அதன் வழிவந்ததே. செய்யத் தெரிந்திருத்தலுக்குக் 'குன்னன்' இருந்தது. அதுதான் பின்னர்க் 'கேன்' என்ற துணைவினையாய்ச் சுருங்கிற்று. ஆங்கிலத்தின் உறவினமாகிய ஜெர்மன் மொழி இம்மூவரையும் இன்றும் தனித்தனிக் குடும்பமாகவே வைத்துக் காப்பாற்றி வருகிறது. ஆங்கிலத்திலோ 'க்னாவன்' நாளடைவில் தன் எல்லையை விரித்து, 'விட்டன்' வினையின் நிலத்தையும் எடுத்துக்கொண்டது. தோற்ற வினையின் எச்சங்கள் மூலைமுடுக்குகளில் கிடக்கின்றன. நுண்மதியைக் குறிக்கும் 'விட்' என்ற பெயர்ச்சொல் அதன் உறவு. 'தன்னையறியாமல்' என்று பொருள்படும் 'அன்விட்டிங்' என்ற சொல்லிலும் அது வாழ்கிறது. சட்ட ஆவணங்களில் 'அதாவது' என்பதற்கு 'டு விட்' என்று எழுதும் வழக்கமும் அவ்வெச்சமே. அத்தொடர் பழம்பிரெஞ்சுத் தொடர் ஒன்றைப் பார்த்துச் செய்த மொழிபெயர்ப்பாகலாம் என்பர். இன்றைய பிரெஞ்சிலும் 'அதாவது' என்பதற்கு 'ஆ ஸவ்வார்' என்றே எழுதுகின்றனர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு அந்நாட்டு நீதிமன்றங்களில் பிரெஞ்சு நெடுங்காலம் வழங்கியதன் சுவடு அது.

இச்சொற்களின் பழைய வேரைத் தேடிச் சென்றால் நமக்கு நன்கு பழகிய முகங்கள் எதிர்ப்படும். வடமொழிக்கும் கிரேக்க லத்தீன் மொழிகளுக்கும் ஒரு பொது மூலம் இருந்திருக்க வேண்டும் என்று 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் உரையாற்றினார். அதன்பின் வளர்ந்த ஒப்பிலக்கண ஆராய்ச்சி, ஆங்கிலத்தின் 'நோ', பிரெஞ்சின் 'கொனேத்ர்', வடமொழியின் 'ஞானம்' ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை எனக் காட்டிற்று. எழுத்தில் மட்டும் எஞ்சியுள்ளது என்று முதலில் சொன்னேனே, அந்தக் ககரம் இவ்வுறவுக்கு ஒரு சான்று. 'விட்டன்' என்ற மற்ற வினையோ, 'வேதம்', 'வித்தை', 'வித்துவான்' என்னும் சொற்களின் உறவு. ஆங்கிலம் கைவிட்ட சொல்லின் இனத்தாரும், கைக்கொண்ட சொல்லின் இனத்தாரும் வடமொழி வழியாகத் தமிழ்நாட்டிற்கு வந்து, 'ஞானம்' என்றும் 'வித்தை' என்றும் நம் பேச்சில் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். 'விட்டன்' இனத்தின் ஆதிப்பொருள் காணுதல். கண்டது தெரிந்தது என்ற வழியில் அறிதல் என்ற பொருள் பிறந்தது. நம் 'தெரி' என்ற சொல் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் 'மலை தெரிகிறது' என்பதிலிருந்து 'விடை தெரிகிறது' என்பதற்கு அதுவும் தானே அதே பாதையில் நடந்து வந்திருக்கிறது.

'ஸவ்வார்' என்ற சொல்லின் வரலாறு இவற்றினும் வியப்புடையது. லத்தீனில் செய்தியை அறிதலுக்கு 'ஸ்கீரே' என்ற வினை இருந்தது; 'ஸயன்ஸ்' என்று நாம் சொல்லும் சொல் அதன் வழி வந்தது. பிரெஞ்சு மொழி உருவான காலத்தில் அவ்வினை வழக்கொழிந்தது. அதன் இடத்திற்கு வந்த 'ஸாபெரே' என்ற லத்தீன் வினைக்குச் சுவையுடைமை, சுவைத்தல் என்பன முதற்பொருள். விவேகமுடைமை என்பது அதன்பின் வந்த பொருள். 1758-இல் லின்னேயஸ் மனித இனத்திற்கு இட்ட 'ஹோமோ ஸேபியன்ஸ்' என்ற பெயரிலும் அவ்வினையே உள்ளது. ஸ்பானிய மொழியில் இன்றும் 'ஸாபெர்' என்ற வினை அறிவையும் குறிக்கும், நாவில் படும் சுவையையும் குறிக்கும். பிரெஞ்சு மொழி சுவையை மறந்து அறிவை மட்டும் வைத்துக்கொண்டது. இதனை மறந்த இடைக்காலப் புலவர்கள், 'ஸ்கீரே'யிலிருந்தே தம் சொல் வந்ததென்று கருதி, அதன் நடுவே தேவையில்லாத ஓர் எழுத்தைச் செருகிச் சில நூற்றாண்டுகள் எழுதி வந்தார்கள். பின்பு அது நீக்கப்பட்டது.

'கொனேத்ர்' சொல்லின் எழுத்திலும் மாற்றங்கள் உண்டு. பழைய எழுத்தில் அதன் நடுவே 'ஓ' என்னும் உயிரெழுத்து நின்றது. உச்சரிப்பு மாறிய பிறகும் எழுத்து மாறவில்லை. பிரெஞ்சு அகாதெமி 1835-இல் வெளியிட்ட ஆறாம் பதிப்பு அகராதியில்தான் அவ்விடத்தில் 'ஆ' எழுத்தை ஏற்றது. கலைப்பொருள்களின் தரம் அறிந்து மதிப்பிடும் சுவைஞரை ஆங்கிலத்தில் 'கானசர்' என்பார்கள். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலேயர் அச்சொல்லைப் பெற்ற காலம் அதற்கு முந்தியது. எனவே பழைய எழுத்தையே இன்றும் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் கைவிட்ட எழுத்தை இங்கிலாந்தில் காணலாம். 1990-இல் செய்த எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பிறகு, 'கொனேத்ர்' சொல்லின் தலையில் உள்ள தொப்பிக் குறியையும் விரும்பினால் விட்டுவிடலாம் என்றாயிற்று. விரும்பாதவர் பலர்.

இந்நூற்றாண்டுகளின் கதையெல்லாம் சொல்லாராய்ச்சியாளருக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். அறிவு என்றால் யாது என்று ஆராய்ந்த தத்துவ ஆசிரியர்கள் இந்த இரு சொற்களிடம் வந்து நின்றிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ஜான் குரோட் 1865-இலும், அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலும், ஒன்றை நேரில் அறிவது வேறு, ஒன்றைப் பற்றி அறிவது வேறு என்று எழுதினார்கள். பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1912-இல் வெளியிட்ட 'தத்துவத்தின் சிக்கல்கள்' என்ற சிறு நூலில், பொருள்களை அறிதல், உண்மைகளை அறிதல் என இருவகையைப் பிரித்தார். அவ்விடத்தில் பிரெஞ்சின் இரு வினைகளையும் ஜெர்மனின் இரு வினைகளையும் துணைக்கு அழைத்தார். ஆங்கிலத்தில் எழுதிய மூவரும் தம் சொல்லால் மட்டும் அதை விளக்க முடியாமல் அயல்மொழிக்குச் சென்றது கவனிக்கத்தக்கது. 1949-இல் கில்பர்ட் ரைல் மற்றொரு பிரிவை எடுத்து விளக்கினார். சைக்கிள் ஓட்டத் தெரிந்த சிறுவனுக்கு அது விழாமல் நிற்பதன் இயற்பியல் தெரியாது. அவ்வியற்பியலைக் கரைத்துக் குடித்தவர் ஏறினால் விழக்கூடும். செய்யத் தெரிதலைச் செய்திகளை அறிதலின் தொகுப்பாகச் சுருக்கிவிட முடியாது என்பது அவர் வாதம். உவமை என்னுடையது.

ரைல் பிரித்த இவ்விரண்டையும் பிரெஞ்சு 'ஸவ்வார்' என்ற ஒரே வினையால் குறிக்கிறது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். ஒரு மொழி ஓரிடத்தில் கூர்மையாகவும் மற்றோரிடத்தில் மழுங்கியும் இருக்கும். பிரெஞ்சுதான் தத்துவத்திற்கு ஏற்ற மொழி என்று பேசுவோர் இதனை மறந்துவிடுகிறார்கள்.

எதிர்த்திசையிலும் இடர் உண்டு. மிஷல் ஃபூக்கோ 1969-இல் வெளியிட்ட ஒரு நூலின் பெயரில் 'ஸவ்வார்' என்ற சொல்லே பெயராக நின்றது. அந்நூலில் அவர் 'ஸவ்வார்' வேறு, 'கொனேஸான்ஸ்' வேறு என்று பிரித்துப் பேசுகிறார். ஒரு துறையின் அறிவைத் தனி ஒருவர் பெற்றிருப்பது பின்னது. அப்படி ஒரு துறை ஒரு காலத்தில் தோன்றுவதற்கே இடந்தரும் பொது நிலை முன்னது. 1972-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது இரண்டிற்கும் 'நாலெட்ஜ்' என்ற ஒரே சொல்தான் கிடைத்தது. எனவே மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பு எழுதி, தேவையான இடங்களில் பிரெஞ்சுச் சொற்களையும் உடன் தர வேண்டியதாயிற்று.

வாணிபத்தில் நடந்ததோ தலைகீழ். தொழில்நுட்பத் திறனைக் குறிக்கும் 'நோ-ஹௌ' என்ற அமெரிக்கச் சொல் பிரெஞ்சு ஒப்பந்தங்களுக்குள் புகுந்தது. மொழிக் காவலர்கள் அதை விலக்கி, 'ஸவ்வார்-ஃபேர்' என்ற சொந்தச் சொல்லை எழுதும்படி பரிந்துரைத்தார்கள். அதே சொல்லை முன்பே இரவல் வாங்கிய ஆங்கிலேயரோ, சபையில் நாகரிகமாய் நடந்துகொள்ளும் சாதுரியம் என்ற பொருளில் அதனை வழங்கி வருகிறார்கள். ஒரே சொல் கால்வாயைக் கடந்ததும் தொழிற்சாலையிலிருந்து விருந்து மண்டபத்திற்குச் சென்றுவிட்டது.

இறுதியாக நீதிமன்றத்திற்குச் செல்வோம். அங்கேதான் இச்சொல்லின் எடை முழுவதும் உணரப்படுகிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தைத் தோற்றுவித்த ரோம் சாசனம் 1998-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் நிறைவேறி, 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு மொழிகளில் அதன் வாசகங்கள் சமமான அதிகாரம் உடையவை. ஆங்கிலமும் பிரெஞ்சும் அவற்றுள் அடங்கும். அதன் 28-ஆம் பிரிவு படைத்தலைவர்களின் பொறுப்பைப் பற்றியது. தன் கீழுள்ள படையினர் குற்றம் புரிகிறார்கள் என்பதைத் தலைவர் அறிந்திருந்தாரா, அல்லது அச்சூழ்நிலையில் அறிந்திருக்க வேண்டுமா என்பது கேள்வி. பின்னே வருவது செய்தியாகலின், பிரெஞ்சு வாசகம் இங்கே 'ஸவ்வார்' வினையைக் கொண்டுள்ளது. 30-ஆம் பிரிவு, குற்றத்திற்கு வேண்டிய மனநிலையைக் கூறும்போது, நோக்கமும் அறிவும் இருத்தல் வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் முன்னதற்கு 'நோ'. பின்னதற்கு அதன் பெயர்ச்சொல்லாகிய 'நாலெட்ஜ்'. பிரெஞ்சிலோ பின்னதற்கு 'ஸவ்வார்' வரவில்லை, 'கொனேஸான்ஸ்' வந்திருக்கிறது. 'ஸவ்வார்' பெயராக நின்றால் கற்றுத் தேர்ந்த புலமை என்று பொருள்பட்டுவிடும். குற்றவாளிக்குப் புலமை இருந்ததா என்று எந்த நீதிபதியும் கேட்பதில்லை. வினையில் ஒரு சொல்லும் பெயரில் மற்றொரு சொல்லுமாக, ஒரே கருத்தை இரு கிளைகளிலிருந்து எடுத்துச் சாசனத்தை வரைந்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, ஒரு வழக்கை விசாரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு என்பதையும் பிரெஞ்சுச் சட்டமொழி 'கொனேத்ர்' என்ற வினையாலேயே சொல்லும்.

ஏட்டில் எழுதுவோர்க்கு எண்ணிப் பார்க்க அவகாசம் உண்டு. உடனுக்குடன் வாய்மொழியாக மொழிபெயர்ப்போர்க்கு அது கிடையாது. 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை நியூரம்பர்க்கில் நடைபெற்ற நாஜித் தலைவர்களின் விசாரணையில், ஆங்கிலம், பிரெஞ்சு, ருஷியன், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளிலும் காதணிக் கருவிகளின் வழியே உடனடி மொழிபெயர்ப்பு முதன்முறையாகப் பேரளவில் கையாளப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டோர் எதையெல்லாம் அறிந்திருந்தனர் என்பது அவ்விசாரணை முழுவதும் திரும்பத் திரும்ப எழுந்த வினா. ஒரு முகாமின் பெயரை அறிந்திருத்தல் வேறு. அதன் தலைவரோடு பழகியிருத்தல் வேறு. அங்கே மனிதர்கள் கொல்லப்படுகிறார்கள் என்பதை அறிந்திருத்தல் வேறு. ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் வழக்கறிஞருக்கு மூன்றிற்கும் ஒரே வினை. அதுவும் கேள்வியின் தொடக்கத்திலேயே வந்துவிடும். பிரெஞ்சிலும் வினை முன்னேதான் நிற்க வேண்டும். ஆகவே 'நீங்கள் அறிவீர்களா' என்ற அளவு காதில் விழுந்தவுடன், கண்ணாடித் தடுப்புக்குள் அமர்ந்துள்ள மொழிபெயர்ப்பாளர் பேசத் தொடங்க முடியாது. அடுத்து வருவது ஓர் ஆளின் பெயரா, ஓர் இடத்தின் பெயரா, 'என்பதை' என்னும் இணைப்புச் சொல்லா என்று அவர் காத்திருக்க வேண்டும். வழக்கறிஞர் அவ்விடத்தில் சற்று நிறுத்தி மூச்சு வாங்கினால், மொழிபெயர்ப்பாளரும் வாயைத் திறவாமல் அந்த ஒன்றிரண்டு விநாடிகளைக் கடத்துவார்.